தண்ணீரில் நின்ற கார் மறுபடி ஸ்டார்ட் ஆகிவிட்டால் போதுமா?

கேள்வி:

வணக்கம் அண்ணா. நான் ஊத்தங்கரையில் இருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளி ஆசிரியை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2015 மாடல் டிசையர் டீசல் கார் வைத்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் பெய்த மழையில், சிங்காரப்பேட்டையில் இருந்து திரும்பும்போது தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முன்னால் போன கார் தாண்டியதைப் பார்த்து நானும் இறங்கினேன். பாதியில் எதிரே ஒரு லாரி வந்தது. அது தள்ளிய தண்ணீர் பானெட் மேல் அடித்ததும் எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் சுற்றவே இல்லை. ஊர்க்காரர்கள் தள்ளிக் கரையேற்றினார்கள்.

மறுநாள் மெக்கானிக் வந்து ஏர் ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். பலமுறை செல்ஃப் அடித்ததில் சைலன்சர் வழியாகத் தண்ணீர் வந்து, கடைசியில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். தினமும் பள்ளிக்கு ஓட்டுகிறேன். ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது. வெள்ளைப் புகை வருகிறது, கண் எரிகிறது. நிற்கும்போது வண்டி நடுங்குகிறது. கீழே இருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம். மைலேஜும் குறைந்துவிட்டது. ஸ்கேனர் போட்டுப் பார்த்து எரர் எதுவும் இல்லை என்கிறார் மெக்கானிக். உள்ளே இன்னும் தண்ணீர் இருக்குமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா? ஓடும்போதே விற்றுவிடு என்கிறார் என் மச்சான். கிருஷ்ணகிரிக்கு ஓட்டிவந்து உங்கள் பட்டறையில் காட்டலாமா?

பதில்:

டீச்சர், முதலில் வண்டியை நிறுத்துங்கள். நாளைக்குப் பள்ளிக்குப் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

சிலிண்டர்களுக்குள் இப்போது தண்ணீர் இருக்காது. மூன்று வாரம் ஓடிய எஞ்சினின் சூட்டுக்கு அதெல்லாம் ஆவியாகிப் போயிருக்கும். தண்ணீர் போய்விட்டது, அது செய்துவிட்டுப் போன வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வருவது கனெக்டிங் ராடு மேல்தான். மேலே ஏறி இறங்கும் பிஸ்டனையும் கீழே சுற்றும் கிராங்கையும் இணைக்கும் அந்த இரும்புத் தண்டு ஏதோ ஒரு சிலிண்டரில் லேசாக வளைந்திருக்க வேண்டும்.

எப்படி வளையும் என்று கேட்பீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது 1248 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். ஆக, ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. பிஸ்டன் கீழிருந்து மேலே வரும்போது அந்தக் காற்று முழுவதையும் சுமார் 17-ல் ஒரு பங்காக நசுக்குகிறது. பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிச்சம் இருக்கும் இடம் 20 மில்லிக்குக் கிட்டத்தான். இருமல் மருந்து ஊற்றும் 5 மில்லி ஸ்பூனில் நாலு ஸ்பூன். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. அந்த நாலு ஸ்பூனுக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிஸ்டனால் மேலே வரவே முடியாது. மற்ற மூன்று சிலிண்டரும் ஃபிளைவீலும் சேர்ந்து கிராங்கைத் தள்ளிக்கொண்டே இருக்க, நடுவில் மாட்டிக்கொள்வது ராடு. லாரி அலை அடித்ததும் எஞ்சின் நின்றதே, அந்த ஒரு நொடியில் இது நடந்திருக்கும். பிறகு செல்ஃப் அடித்தபோது கேட்ட 'டக்' சத்தம், பிஸ்டன் போய்த் தண்ணீரில் முட்டியது. டீசல் வண்டியின் செல்ஃப் மோட்டார் நல்ல பலசாலி. வளையத் தொடங்கிய ராடை இன்னும் கொஞ்சம் வளைக்க அதனாலும் முடியும்.

முன்னால் போன கார் தப்பித்ததில் அதிசயம் இல்லை. காற்றை இழுக்கும் வாய் பெரும்பாலான கார்களில் முகப்பு கிரில்லுக்குப் பின்னால் இருக்கும். அமைதியான தண்ணீரில் மெதுவாகப் போனால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் வருவதில்லை. எதிரே கனரக வண்டி வந்தால் கணக்கே மாறிவிடும். தண்ணீரின் ஆழத்தைப் பார்க்கிறோம், எதிரே வரும் லாரியைப் பார்ப்பதில்லை.

இப்போது, வளைந்த ராடோடு எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதற்கு வருகிறேன். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ராடு பெரிதாக வளைந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரச்சினை உடனே தெரிந்துவிடும். லேசாக வளைந்தால் ஓடும். சில வண்டிகள் மாதக்கணக்கில்கூட ஓடும். ராடு வளைந்ததால் அதன் நீளம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தது என்று வையுங்கள். பிஸ்டன் உச்சிக்கு ஒரு மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிடும். உங்கள் எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 17-ல் ஒரு பங்காக நசுங்கிய காற்று அந்த சிலிண்டரில் மட்டும் 15-ல் ஒரு பங்கு அளவுக்குக்கூட நசுங்குவதில்லை. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. நசுங்கிய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. அழுத்தம் குறைந்தால் சூடும் குறையும். டிசம்பர் மாதக் காலைக் குளிரில் அந்த ஒரு சிலிண்டர் பற்றாமல் அடம் பிடிக்கும். பற்றாத டீசல் அப்படியே சைலன்சர் வழியாக வெள்ளைப் புகையாக வெளியே வரும். உங்கள் கண் எரிவது அதனால்தான். மூன்று சிலிண்டர் ஒழுங்காகவும் ஒன்று அரைகுறையாகவும் வேலை செய்தால் நிற்கும்போது வண்டி நடுங்கத்தான் செய்யும். மைலேஜ் குறைவதும் அதே கணக்குதான்.

கீழே இருந்து வரும் சத்தம்தான் எனக்குப் பெரிய கவலை. புகைக்கும் லேட் ஸ்டார்ட்டுக்கும் வேறு காரணம் சொல்லலாம். பழைய டீசல் வண்டியில், குளிரில் ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். நடுக்கத்துக்கு எஞ்சின் மவுண்டிங்கைக் குற்றம் சொல்லலாம், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரைச் சொல்லலாம். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டும் கணக்கில் வரும், எதற்கும் அதை ஒருமுறை பாருங்கள். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியில் இவை எல்லாம் ஒன்றாக வந்து, கூடவே கீழ்ப்பக்கத்தில் 'டக் டக்' என்றால், நான் ராடைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். நீளம் குறைந்த ராடு பிஸ்டனைக் கீழேயும் அதிகமாக இறக்கிவிடும். கீழே வந்த பிஸ்டனின் ஓரம் கிராங்கின் எடைக்கட்டியில் உரசினால் இந்தச் சத்தம் வரும். வளைந்த இடத்திலேயே ஒவ்வொரு சுற்றுக்கும் இரும்பு களைத்துக்கொண்டே வரும். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் அத்தனை முறையும் அந்த இடத்தில் அடி விழுகிறது. ஒரு நாள் ராடு உடையும். உடைந்த துண்டு எஞ்சின் பிளாக்கின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும், அந்த ஓட்டை வழியாக ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டும். அதற்கு முன் கண்டுபிடித்தால் ஒரு ராடு, பேரிங், ரிங், கேஸ்கெட் செட், கூலி என்று முடிகிற வேலை. பிளாக் உடைந்த பிறகு வேறு எஞ்சின்தான் தேட வேண்டும். மாருதி 2020-ல் டீசல் கார் விற்பனையை நிறுத்திவிட்டது. அதனால் நல்ல பழைய எஞ்சின் கிடைப்பதும் வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது.

ஸ்கேனரில் எரர் இல்லை என்று உங்கள் மெக்கானிக் சொன்னது பொய் இல்லை. ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் எந்தக் காரிலும் கிடையாது. ஸ்கேனரில் அவர் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு டீசலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற அளவு லைவ் டேட்டாவில் வரும். நாலில் ஒன்றுக்கு மட்டும் அது வித்தியாசமாக இருந்தால் நோயாளி எந்த சிலிண்டர் என்று தெரிந்துவிடும். ஆனால் அதைப் பார்ப்பதற்காக இப்போது எஞ்சினை ஓட்ட வேண்டாம். ஓட்டாமலே செய்யக்கூடிய சோதனை இருக்கிறது.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் இரண்டு சோதனை செய்யச் சொல்லுங்கள். முதலாவது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று நசுங்கும் அழுத்தத்தை அளப்பது. ஹீட்டர் பிளக் துளையில் கேஜை மாட்டி, டீசல் போகாமல் தடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்துப் பார்ப்பது. இதற்கு டீசலுக்கு உரிய கேஜ் வேண்டும், பெட்ரோல் வண்டிக்கு வைத்திருக்கும் கேஜ் தாங்காது. சின்னப் பட்டறைகளில் இது இருப்பதில்லை, ஊத்தங்கரையில் கிடைக்காவிட்டால் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ கிடைக்கும். ஆரோக்கியமான டீசல் எஞ்சினில் 25 பாரில் இருந்து 30 பார் வரை காட்டும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). அந்த எண்ணைவிட, நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று 27, ஒன்று மட்டும் 22 என்றால் பதில் கிடைத்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: பத்து வருட வண்டியில் ஹீட்டர் பிளக் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஸ்பானரைப் போட்டுத் திருகினால் பிளக் பாதியில் முறிந்து ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும், அதை எடுப்பது தனிச் செலவு. முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊறவிட்டு, மறுநாள் நிதானமாகத் திருப்பச் சொல்லுங்கள். அவசரப்படும் பையனிடம் விட வேண்டாம்.

இரண்டாவது சோதனையைப் பலர் செய்வதில்லை, எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். வால்வோ ரிங்கோ தேய்ந்திருந்தாலும் கம்ப்ரஷன் குறையும் இல்லையா? ராடுதான் என்று உறுதி செய்ய பிஸ்டனின் உயரத்தையே அளந்துவிட வேண்டும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மெல்லிய பித்தளைக் கம்பியை இறக்கி, பிஸ்டன் தலையில் நிற்கவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பானரைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். கம்பி மேலே வந்து, ஒரு கணம் நின்று, இறங்கத் தொடங்கும். நின்ற இடத்தில் கம்பியில் ஒரு கோடு போட வேண்டும். இதே மாதிரி நாலு சிலிண்டருக்கும். உங்கள் எஞ்சினில் ஒன்றும் நாலும் ஒன்றாக மேலே வரும், இரண்டும் மூன்றும் ஒன்றாக வரும். நாலு கோடும் ஒரே இடத்தில் விழுந்தால் ராடு நேராக இருக்கிறது, என் சந்தேகம் தப்பு, ஹீட்டர் பிளக், இன்ஜெக்டர் என்று தேடலாம். ஒரு கோடு மட்டும் முக்கால் மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் வேறு சாட்சி வேண்டாம். பட்டறையில் டயல் கேஜ் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். பக்கத்தில் நின்று உங்கள் கண்ணால் பாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ராடு வளைந்தது உறுதியானால், அந்த ஒரு ராடை லேத்தில் கொடுத்து நிமிர்த்திப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வளைந்து நிமிர்ந்த இரும்பு பழைய இரும்பு ஆகாது. புதிது போடுங்கள். கூடவே அந்த சிலிண்டரின் உட்சுவரில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, மற்ற மூன்று ராடும் நேராக இருக்கின்றனவா என்று லேத்தில் அளந்து வாங்குங்கள். பிரித்த பிறகு பாதியை விட்டுவிட்டு மூடுவது பணத்துக்குக் கேடு.

ஆயில் மாற்றியது நல்ல காரியம். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினில் ஒருமுறை மாற்றினால் போதாது. முதல் ஆயில் உள்ளே இருக்கும் ஈரத்தைக் கழுவிக்கொண்டு வரும், ஒரு 500 கிலோமீட்டருக்குள் இரண்டாம் முறை மாற்றிவிட வேண்டும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், டீ நிறத்தில் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் பழைய தகரத்தை அடுப்பில் சூடாக்கி, தள்ளி நின்று, டிப்ஸ்டிக்கில் இருந்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சுத்தமான ஆயில் புகைந்து பரவும். தண்ணீர் இருந்தால் சடசடவென்று பொரியும். கியர் பாக்ஸ் ஆயிலையும் சேர்த்து மாற்றுங்கள், தண்ணீர் அதற்குள்ளும் போயிருக்கலாம். பிரேக், வீல் பேரிங், ஆல்டர்னேட்டர் இதெல்லாம் வண்டியைத் தூக்கும்போது பார்த்துவிடுவார்கள். தரைக் கார்பெட்டைத் தூக்கிக் காயப்போடாமல் இருந்தால் அதை மட்டும் நீங்களே இன்றைக்குச் செய்யுங்கள், அடியில் ஒயரிங் கப்ளர்கள் இருக்கின்றன.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பிடிக்காது. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் ஒன்றும் கிடையாது. முழு பாலிசி என்றால் வெள்ளச் சேதம் அதில் அடக்கம்தான். ஆனால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் ராடு வளைவதை, வெள்ளம் நேராகச் செய்த சேதம் என்று கம்பெனிகள் பொதுவாக ஒத்துக்கொள்வதில்லை. தண்ணீரில் ஓட்டியதால், நின்ற பிறகு செல்ஃப் அடித்ததால் வந்த பின்விளைவு என்று தள்ளிவிடுவார்கள். அதற்காகத்தான் 'எஞ்சின் புரொடெக்ட்' என்று தனி ஆட் ஆன் விற்கிறார்கள். பாலிசித் தாளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள், அது வேறு. பத்து வயது வண்டிக்கு எஞ்சின் புரொடெக்ட் பெரும்பாலும் கொடுப்பதும் இல்லை. இருந்தால் இன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், சர்வேயர் வந்து பார்க்கும்வரை எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். தாமதமாகச் சொன்னார்கள் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வண்டி நின்றிருந்தபோது தண்ணீர் ஏறியது என்று மாற்றி எழுதச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பிரித்துப் பார்த்தால் ஓடும்போது போன தண்ணீரா, நிற்கும்போது போனதா என்று சர்வேயருக்குத் தெரியும்.

அது எப்படித் தெரியும் என்றால், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் உங்கள் ஊரில் 50 சென்டிமீட்டர் கொட்டி, ஏரி நிரம்பி வழிந்து, நின்றுகொண்டிருந்த வேனையும் காரையும் அடித்துக்கொண்டு போனதே. அப்படி அணைத்து வைத்திருந்த வண்டி முழுக்க மூழ்கினாலும் ராடு வளையாது, சுற்றாத எஞ்சினில் தண்ணீரை நசுக்க எதுவும் இல்லை. சீட், ஒயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் போயிருக்கும். ஆனால் யாரும் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பாமல் இருந்தால், ஹீட்டர் பிளக்கோ ஸ்பார்க் பிளக்கோ கழற்றித் தண்ணீரை வெளியே எடுத்து எஞ்சினைக் காப்பாற்றிவிடலாம். இடுப்பளவு தண்ணீரில் ஊறிய கார் பிழைக்கிறது, முழங்கால் தண்ணீரில் ஓட்டிய கார் போய்விடுகிறது. பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களும் இதையே செய்யலாம். 1200 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் அந்த மிச்ச இடம் 30 மில்லி அளவு, டீசலைவிடக் கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான் வித்தியாசம். இனிமேல் தண்ணீரில் வண்டி நின்றால் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். அன்றைக்கு செல்ஃப் அடிப்பது ஓட்டுநர் வேலை இல்லை, மெக்கானிக் வேலை. அவரும் பிளக்கைக் கழற்றிய பிறகுதான் அடிக்க வேண்டும்.

மச்சான் சொல்வது புரிகிறது. ஆனால் இந்தச் சத்தத்தோடு போனால் பழைய கார் வாங்கி விற்பவர்கள் பானெட்டைத் திறக்கும் முன்பே விலையைக் குறைத்துவிடுவார்கள். தெரியாத ஒருவர் வாங்கி, குடும்பத்தோடு தொப்பூர் கணவாயில் போகும்போது ராடு உடைந்தால் என்ன ஆகும் என்று மச்சானிடமே கேளுங்கள். சோதனை செய்து, என்ன செலவு என்று தெரிந்த பிறகு, அதைச் சொல்லியே விற்கலாம். வண்டியின் மற்ற பாகங்கள் நன்றாக இருந்தால் வேலை பார்த்து வைத்துக்கொள்வதுதான் லாபம் என்பது என் கருத்து.

கிருஷ்ணகிரிக்கு ஓட்டி வர வேண்டாம். ரெக்கவரி வண்டி வையுங்கள், முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுப்பதைவிட முழுவதுமாக ஏற்றிக் கொண்டுவரும் வண்டி நல்லது. ஏற்றுவதற்கு டிரைவர், "ஒரு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி மேலே ஏத்திடலாம்" என்பார். சாவியைக் கொடுத்தாலும் ஸ்டியரிங் லாக் எடுக்க மட்டும் என்று சொல்லிக் கொடுங்கள். நியூட்ரலில் போட்டு, வின்ச் கட்டி இழுத்தே ஏற்றட்டும். வருவதற்கு முந்தின நாள் பட்டறைக்கு ஒரு தகவல் சொல்லிவிடுங்கள், டீசல் கேஜை எடுத்து வைக்கிறேன்.